ஐஸ் டீயில் சர்க்கரையை எப்போது சேர்ப்பது?

கேள்வி இதுதான்: வீட்டில் ஐஸ் டீ போட்டால் ஒரு நாள் கசக்கிறது, மறுநாள் வெறும் நிறத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. சர்க்கரையோ கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் எப்படிப் போடுவீர்கள், எதைச் சேர்த்து இனிப்பாக்குவீர்கள்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீயை நான் இனிப்பே இல்லாமல் போட்டுக் குளிர வைப்பேன். சர்க்கரைப் பாகு தனியாக ஒரு பாட்டிலில் ஃப்ரிட்ஜில் இருக்கும். டம்ளரில் டீயும் ஐஸும் சேர்ந்து, குடிக்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் பாகை ஊற்றி, கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுவேன். சூடாக இருக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்து ‘இனிப்பு சரி’ என்று முடிவு செய்தால் குளிர்ந்த பிறகு அது சரியாக இருக்காது. பல வருடங்களாகக் கிட்டத்தட்ட தினமும் போட்டுக் குடித்து நான் வந்து நின்ற இடம் இது.

இனிப்புக்குப் போவதற்கு முன் டீயைச் சரி செய்ய வேண்டும். டீ சரியில்லாவிட்டால் அந்தக் குறையை மறைக்கவே சர்க்கரையைக் கொட்ட வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, பால் டீக்குச் செய்வது போலத் தூளைப் போட்டு அடுப்பில் கொதிக்க விடுவது. பால் டீயில் அது செல்லும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புச் சத்துகளைப் பிடித்துக்கொள்வதால், எவ்வளவு கடுமையாகக் கொதித்திருந்தாலும் வாயில் மென்மையாக இறங்கும். ஐஸ் டீயில் பால் கிடையாது. கொதித்து இறங்கிய துவர்ப்பு முழுவதும் அப்படியே நாக்கில் வந்து உட்காரும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, கொதிநீரை இலை மேல் ஊற்றி, மூடி வைத்து, நேரம் பார்த்து வடிகட்ட வேண்டும். இலைத் தேயிலைக்கு நான்கு நிமிடம், உருண்டையான சிடிசி தூளுக்கோ டீ பேக்குக்கோ இரண்டரை, மூன்று நிமிடம். தூளின் துணுக்கு சிறியது என்பதால் சாறு சீக்கிரம் இறங்கிவிடும். கிரீன் டீ என்றால் கொதிநீரே கூடாது. 70 முதல் 80 டிகிரி சூடு, இரண்டு நிமிடம் போதும்.

கடுமையாக வேண்டுமானால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். ஊறும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் டீயின் மணம் இரட்டிப்பாகாது, துவர்ப்புதான் ஏறும். வடிகட்டியில் மிஞ்சிய இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியவும் வேண்டாம். அந்தக் கடைசிச் சொட்டுகளில் இருப்பது பெரும்பாலும் கசப்புதான்.

சரி, எவ்வளவு கடுமை? இதில் விருப்பத்துக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஐஸ் உருகும்போது ஒரு கிராமுக்கு 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 85 டிகிரி சூட்டில் இருக்கும் 100 மில்லி டீயை 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 85 முதல் 95 கிராம் ஐஸ் உருகியே தீரும். அதாவது நீங்கள் ஊற்றிய டீயின் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. சூடான டீயை ஐஸ் மேல் ஊற்றுபவர்கள் இரண்டு மடங்கு கடுமையாகப் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சாதாரண டீயை ஊற்றினால் கையில் கிடைப்பது பாதி டீ, பாதி தண்ணீர். அதே டீ முதலில் அறைச் சூட்டுக்கு, 30 டிகிரிக்கு, ஆறியிருந்தால் 27 முதல் 30 கிராம் ஐஸ் உருகினால் போதும். ‘வெறும் நிறத் தண்ணீர்’ ஆன நாளில் நீங்கள் சூடாக ஊற்றியிருப்பீர்கள், கசந்த நாளில் அதை ஈடுகட்ட அதிக நேரம் ஊற விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அளவு இது. அவசரமாக ஒரு உயரமான டம்ளருக்கு 120 மில்லி கொதிநீர், 3 கிராம் தேயிலை. டம்ளர் நிறைய ஐஸ் போட்டு அதன் மேல் வடிகட்டுவேன். ஒரு லிட்டர் ஜக்குக்கு அரை லிட்டர் கொதிநீரில் 12 கிராம் தேயிலை, பிறகு அரை கிலோ ஐஸ். கண்ணாடி ஜக்கில் நேராகக் கொதிநீரை ஊற்றி உடனே ஐஸைக் கொட்டாதீர்கள், விரிசல் விடும். பாத்திரத்திலேயே ஊற வைத்து வடிகட்டிய பிறகு ஜக்குக்கு மாற்றுவதுதான் பத்திரம்.

இது அவசரத்துக்கு. எனக்காக நான் போட்டுக்கொள்வது வேறு முறை: குளிர்ந்த தண்ணீரிலேயே ஊற வைப்பது. ஒரு லிட்டர் குடிநீரில் 10 கிராம் இலைத் தேயிலையைப் போட்டு மூடி, இரவு படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜில் வைப்பேன். காலையில் எட்டு மணி நேரம் கழித்து வடிகட்டுவேன். கிரீன் டீக்கு நான்கைந்து மணி நேரமே போதும். குளிர்ந்த நீரில் கஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் குறைவாகத்தான் கரைகின்றன. தேயிலைக்கு ஒரு மெல்லிய இனிமையும் சுவைக் கனமும் தரும் தியானின் போன்ற அமினோ அமிலங்கள் குளிரிலும் தாராளமாக இறங்கிவிடுகின்றன. அதனால் இந்த டீ வாயை உலர்த்தாது. முதல் முறை குடிக்கும்போது ‘ஏதோ குறைகிறதே’ என்று தோன்றலாம். அந்தக் குறை துவர்ப்பு. இரண்டாவது டம்ளரில் அது பழகிவிடும். அப்புறம் இலையின் மணம் தெரியத் தொடங்கும். இந்த டீயில் நான் பல நாள் சர்க்கரையே சேர்ப்பதில்லை, அதற்குத் தேவை இருப்பதில்லை.

ஆனால் எலுமிச்சை பிழியப் போகிறீர்கள் என்றால் குளிரில் ஊறிய டீ வேண்டாம். புளிப்புக்கு ஈடுகொடுக்க அதற்குத் தெம்பு போதாது. அங்கே கொதிநீரில் இறங்கிய டீதான் எடுபடும்.

கலங்கிப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். தெளிவாக இருந்த டீ ஃப்ரிட்ஜுக்குள் போய் வந்ததும் சேறு கரைத்த மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர்கள் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். அது கெடவில்லை. சூட்டில் கரைந்திருந்த கஃபீனும் தேயிலையின் நிறச் சத்துகளும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நுண்ணிய துகள்களாகத் திரள்கின்றன. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் இன்னும் அதிகமாகத் திரளும். கடுமையான டிகாஷனைச் சுடச்சுட ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் பெரும்பாலும் இப்படிக் கலங்கும். சூடாக இருக்கும்போதே தண்ணீர் சேர்த்துக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, வெளியிலேயே ஆற விட்டு, பிறகு உள்ளே வைத்தால் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கலங்கியே போனாலும் கவலை இல்லை, அரை டம்ளர் கொதிநீரை ஊற்றிக் கலக்கினால் தெளிந்துவிடும். தேயிலையைப் பொறுத்தும் இது மாறும். நல்ல கடுமையான அசாம் தேயிலை சீக்கிரம் கலங்கும். நீலகிரித் தேயிலையும் உயரமான மலையில் விளையும் இலங்கைத் தேயிலையும் தெளிவாக நிற்கும். ஐஸ் டீக்கென்று வாங்குவதானால் நான் நீலகிரிதான் வாங்குவேன். தெளிவு ஒரு காரணம். அதன் மணம் குளிரிலும் மங்காமல் இருப்பது இன்னொரு காரணம்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் துவர்ப்பு போகும் என்று சொல்வார்கள். போகும், உண்மைதான். சோடாவின் காரத்தன்மையால் (புளிப்புக்கு எதிரான தன்மை) நிறமும் கருத்துவிடும். ஆனால் அளவு ஒரு துளி கூடினாலும் சோடா வாடை வந்து, டீயின் துடிப்பும் அடங்கிவிடும். நேரம் பார்த்து வடிகட்டிய டீக்கு அது தேவையே இல்லை. கசப்பு கூடிவிட்ட டீயைக் காப்பாற்ற நான் கைவைப்பது உப்பில்தான். ஒரு ஜக்குக்கு நாலைந்து கல் உப்பு போதும், உப்புச் சுவை தெரியக் கூடாது. சோடியம் கசப்பு உணர்வை அடக்கும்.

இனி சர்க்கரை.

குளிர்ந்த டீயில் சர்க்கரை கரையாது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் கரையும். 0 டிகிரியில் கூட 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையை ஏற்கும். 100 டிகிரியில் அது 480 கிராமைத் தாண்டும். நாம் ஒரு டம்ளருக்குப் போடுவதோ இரண்டு டீஸ்பூன், 8 கிராம். ஆகவே இடம் இல்லாமல் அது கரையாமல் நிற்கவில்லை. கரையும் வேகம்தான் குறைவு. ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் டீயை ஊற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரையை மேலிருந்து தூவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சர்க்கரை மணிகள் ஐஸ் கட்டிகளின் இடுக்கு வழியாக மெதுவாக இறங்கி அடியில் ஒரு வெள்ளை வட்டமாகப் படியும். அந்த வட்டத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு நெளிவு தெரியும். அதுதான் கரைந்த பாகு. கனமாக இருப்பதால் மேலே ஏறாமல் அங்கேயே படுத்திருக்கும். கலக்கினால் ஐஸ்தான் சுற்றும், ஸ்பூன் அடிவரை போகாது. விளைவு, முக்கால் டம்ளர் சப்பென்று குடித்துவிட்டுக் கடைசி வாயில் தித்திப்பு தொண்டையை அடைக்கும்.

இதற்கு இரண்டு வழி. டீ சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுவது ஒன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ‘ஸ்வீட் டீ’ என்று குடிப்பது இப்படித்தான் தயாராகிறது: சூட்டிலேயே நிறையச் சர்க்கரை, பிறகு குளிர வைப்பது. (அந்த நாட்டில் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்பவர் ஐஸ் டீயைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு முன்பே, 1870களிலேயே, அங்கே சமையல் குறிப்புகளில் ஐஸ் டீ வந்துவிட்டது. கண்காட்சி அதைப் பரவலாக்கியது என்று சொல்லலாம்.) ஒரே மாதிரி இனிப்புக் குடிப்பவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த முறை வசதி. எல்லாத் துளியிலும் இனிப்பு சமமாக இருக்கும் என்பது இதன் பெரிய நன்மை.

ஆனால் எனக்கு இது ஒத்துவரவில்லை. காரணம் நாக்கு. குளிர்ச்சியில் நமக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்கிரீமை ஒரு ஸ்பூன் வாயில் போட்டவர்களுக்கு இது தெரியும், உறைந்திருந்தபோது அளவாக இருந்த அதே இனிப்பு உருகியதும் திகட்டும். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்று ஒரு புரதம் இருக்கிறது, மின்னேற்றம் உள்ள அயனிகளை உள்ளே விடும் கதவு மாதிரி. வெப்பம் 15இலிருந்து 35 டிகிரிக்கு ஏற ஏற அது வேகமாக வேலை செய்கிறது, குளிர்ந்தால் மந்தமாகிவிடுகிறது என்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆக, சூட்டில் ருசி பார்த்துப் போட்ட சர்க்கரை குளிரில் குறைவாகத் தெரியும். ‘குளிர்ந்தால் குறையும்’ என்று அதிகமாகப் போட்டுவிட்டாலோ, ஜக் முழுவதும் திகட்டும், பிறகு எடுக்கவும் முடியாது. ஐஸ் எவ்வளவு உருகும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. மூன்றும் சேரும்போது சூட்டில் எடுக்கும் முடிவு வெறும் ஊகம்.

இரண்டாவது வழி பாகு. பாகு என்றதும் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று போக வேண்டாம். இங்கே பதமே கிடையாது. 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், மிதமான தீ, மணி மணியாகத் தெரிவது மறைந்து தண்ணீர் தெளிவானதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்து வற்ற விட்டால் ஆறியதும் கெட்டியாகி, குளிர்ந்த டீயில் அதுவும் அடியிலேயே தங்கும். இந்த அளவுக்குச் சுமார் 325 மில்லி பாகு கிடைக்கும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். மேலே வெள்ளையாக எதுவும் மிதந்தால் கொட்டிவிடுங்கள்.

அளவும் எளிது. இந்தப் பாகில் 5 மில்லிக்கு 3 கிராம் சர்க்கரை இருக்கும். கால் லிட்டர் டம்ளருக்கு நான் விடுவது 10 மில்லி, அதாவது 6 கிராம், ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். எலுமிச்சை பிழிந்திருந்தால் 15 மில்லி. இதற்கு மேல் போனால் எனக்குத் தேயிலையின் ருசி மறைந்துவிடுகிறது, சர்பத் குடிப்பது போல ஆகிவிடுகிறது. உங்களுக்கு 20 மில்லி பிடிக்கலாம். அது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஐந்து ஐந்து மில்லியாக ஏற்றிப் பாருங்கள். பலருக்கும் தாங்கள் நினைத்ததை விடக் குறைந்த அளவிலேயே ‘இதுதான்’ என்று நின்றுவிடுகிறது.

பாகு வைத்திருப்பதில் இன்னொரு சுகம், மணத்தை அதிலேயே ஏற்றிவிடலாம். அடுப்பை அணைத்ததும் ஒரு கைப்பிடி புதினாவைச் சூடான பாகில் போட்டு, இருபது நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். புதினாவை டம்ளரில் போட்டுக் குத்திக் கசக்கினால் பச்சை வாடையும் கசப்பும் வரும், பாகில் அது வராது. இஞ்சி என்றால் மெல்லியதாகச் சீவி, தண்ணீரிலேயே பத்து நிமிடம் கொதிக்க விட்டு, அதன் பிறகு சர்க்கரை. எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவி, சர்க்கரையோடு பிசறி ஒரு மணி நேரம் வைத்து, அதில் பாகு செய்தால் வரும் மணத்துக்கு ஈடே கிடையாது. தோலில் உள்ள எண்ணெய் முழுவதும் சர்க்கரைக்குள் இறங்கியிருக்கும். வெள்ளைப் பகுதி மட்டும் சேரக் கூடாது, அது கசக்கும்.

தேன் எனக்குப் பிடிக்கும், எல்லா டீயிலும் அல்ல. குளிர்ந்த டீயில் நேராக ஊற்றினால் ஸ்பூனிலேயே இறுகி ஒட்டிக்கொள்ளும். அதனால் தேனுக்குச் சமமாக வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து தளர்த்தி வைத்துக்கொள்வேன். தேனில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஃப்ரக்டோஸ் இருக்கிறது. இந்தச் சர்க்கரைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: சூட்டில் சாதாரணச் சர்க்கரையை விட இனிப்புக் குறைவு, குளிரில் அதைவிட அதிகம். குளிர்ந்த நீரில் ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகளில் பெரும்பங்கு அதிக இனிப்பான வடிவத்துக்கு மாறி நிற்பதுதான் காரணம். அதனால் சூடான டீக்குப் போடும் தேனை விடக் குறைவாக ஐஸ் டீக்குப் போட்டால் போதும். கருத்த, கடுமையான மணமுள்ள தேனைத் தவிருங்கள், டீயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வெளிர் நிறத் தேன் கிரீன் டீயோடு அருமையாகப் போகும்.

நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கடுமையான கறுப்புத் தேயிலைக்குப் பொருந்தும். நிறம் கலங்கும், ஓர் உப்புக் கரிப்பும் சேரும். வெல்லத்தைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். மென்மையான இலைக்கு இவற்றைச் சேர்த்தால் இலை இருந்ததே தெரியாது.

சர்க்கரை சேர்க்கக் கூடாதவர்களுக்கான மாற்று இனிப்புகளில் எனக்கு முழுத் திருப்தி தந்தது எதுவுமில்லை. ஸ்டீவியாவில் இனிப்பு தாமதமாக வந்து நெடுநேரம் தங்கும், அதன் வால் பகுதியில் அதிமதுரம் போல ஒரு கசப்பு. டீயின் துவர்ப்போடு சேரும்போது அது இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே ஸ்டீவியா போடுபவர்கள் குளிரில் ஊறிய, துவர்ப்பில்லாத டீயில் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் எலுமிச்சையும் சேர்ந்தால் அந்த வால் சுருங்கும். எரித்ரிட்டாலுக்குச் சர்க்கரையின் இனிப்பில் 60, 70 சதவீதம்தான், ஆனால் வாயில் ஒரு குளுமை தரும், அது ஐஸ் டீயில் இடைஞ்சலாக இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரை சேர்க்கவில்லை, அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

அந்த நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இன்னொரு அளவும் இருக்கிறது. ஒரு நாளில் உடம்புக்குக் கிடைக்கும் ஆற்றலில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி எடுப்பவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். தேனும் இதே கணக்கில்தான் சேரும். வெயில் நாளில் ஐஸ் டீ ஒரு டம்ளரோடு நிற்காது, மூன்று நான்கு போகும். என் 10 மில்லி பாகில் நாலு டம்ளர் குடித்தால் 24 கிராம். நாள் முழுவதும் வேறு எதிலும் சர்க்கரை தொடாமல் இருந்தால்தான் அது கணக்குக்குள் நிற்கும். அதனால் இரண்டாவது டம்ளரிலிருந்து நான் பாகு விடுவதில்லை. முதல் டம்ளரில் வாய் தித்தித்திருக்கும், அடுத்தது வெறுமனே இறங்கிவிடும்.

எலுமிச்சைக்கு ஒரே ஒரு குறிப்பு. கடைசியில், டம்ளரில் பிழியுங்கள். ஜக்கிலேயே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் சாறு ஒரு பழைய கசப்பைக் கொடுத்துவிடும். பிழிந்தவுடன் டீயின் நிறம் கண்ணெதிரே செம்பழுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வெளுப்பதைப் பார்க்கலாம். டீ நீர்த்துப்போகவில்லை. தேயிலையின் நிறச் சத்து புளிப்பு பட்டால் வெளுக்கும், சோடா பட்டால் கருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை விட்ட டீயில் பால் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும்.

பால் சேர்த்த ஐஸ் டீ வேறு ஒரு பானம். அதற்கு நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ்: சிடிசி தூள், நல்ல கொதி, கடுமையான டிகாஷன், இனிப்புக்குக் கண்டென்ஸ்டு மில்க். அது கெட்டியாக இருப்பதால் சூடான டிகாஷனில் கரைத்துவிட்டுத்தான் ஐஸ் போட வேண்டும்.

வெயிலில் ஜாடியை வைத்து டீ இறக்கும் முறையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டுவதே அரிது. இலையிலும் தண்ணீரிலும் உள்ள பாக்டீரியாவைக் கொல்ல அது போதாது, மணிக்கணக்கில் வளர்க்க மட்டுமே உதவும். கொதிநீரில் போடுங்கள், அல்லது ஃப்ரிட்ஜுக்குள் ஊற வையுங்கள். போட்ட டீ ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். அதன் பிறகு மணம் போய்விடும். சர்க்கரை சேர்த்து வைத்தது இன்னும் சீக்கிரம் கெடும். பாகைத் தனியே வைப்பதற்கு இது எனக்கு இன்னொரு காரணம். நூல் நூலாக ஏதாவது தெரிந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஐஸ் பற்றி: பெரிய கட்டிகளாக உறைய வையுங்கள், மெதுவாக உருகும். மிஞ்சிய டீயை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் அது உருகினாலும் டீதான். ஃப்ரீசரில் மீனோ மசாலாவோ திறந்திருந்தால் ஐஸ் அந்த வாடையை வாங்கிக்கொண்டு டீக்குக் கொடுக்கும், தட்டை மூடி வையுங்கள்.

வீட்டில் நாலு பேர் கூடினால் நான் செய்வது: இனிப்பில்லாத டீ ஒரு ஜக், பாகு ஒரு பாட்டில், புதினாப் பாகு இன்னொரு சின்னப் பாட்டில், நறுக்கிய எலுமிச்சை, அடிவரை போகும் நீளமான ஸ்பூன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அவர் குளிரில் ஊறிய டீயை வெறுமனே குடிப்பார். என் அக்கா 25 மில்லி பாகு விட்டுக்கொள்வாள். முன்பெல்லாம் ஜக்கிலேயே இனிப்புப் போட்டு வைப்பேன். அப்பா தொட மாட்டார், அக்கா ‘இதில் இனிப்பே இல்லையே’ என்பாள். இப்போது அதே ஜக்கிலிருந்து இருவரும் இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொள்கிறார்கள். நீங்களும் முதல் முறை நீலகிரி இலை 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம் என்று தொடங்கிப் பாருங்கள். முதல் வாயைப் பாகு விடாமல் குடியுங்கள், அதன் பிறகு 5 மில்லி.